காதுக்கு ஒரு தனி உண்டியல்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம குழுவில் கல்யாணத்துக்குக் கடன் வாங்குகிறோம். காதுகுத்துக்கும் கடன் வாங்குகிறோம். ஆனால் அந்தக் காது கேட்காத பிள்ளைக்கு எதற்குச் சேமிக்கணும், எப்படிச் சேமிக்கணும் என்று நாம் உட்கார்ந்து பேசுவது குறைவு. இன்றைக்கு அதைப் பேசுவோம்.

முதலில் ஒரு விஷயம். பேசாத பிள்ளையை 'ஊமை' என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குரலில் குறை எதுவும் இல்லை. காதில் விழாத பேச்சு வாயில் எப்படி வரும்? பிறந்து 1 மாதத்துக்குள் கேட்கும் திறன் சோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது. ஆறு மாதத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்பவில்லையா? ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்கவில்லையா? "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்காதீங்க. பணம் போனால் சம்பாதிக்கலாம். பேச்சு படியும் வயது போனால் திரும்ப வராது. வயது கூடிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம், இன்றைக்கே ஆரம்பியுங்க.

எதற்குக் கடன் வேண்டாம்?

பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றதும் பல வீடுகளில் முதலில் அடகுக்குப் போவது தாலிக்கொடிதான். கொஞ்சம் பொறுங்க. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் இலவசமாகப் பெறலாம். கருவி போட்டும் கேட்காத பிள்ளைக்கு, உட்செவியில் பொருத்தும் 'காக்ளியர்' அறுவை சிகிச்சை உண்டு. வெளியில் செய்தால் லட்சக்கணக்கில் ஆகும். நம் மாநிலத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், 6 வயதுக்கு உட்பட்ட, தகுதியுள்ள பிள்ளைகளுக்கு இதைச் செய்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும். ஆகவே காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்க. வயது தாண்டிய பிறகு காகிதத்துக்கு அலைந்து பயனில்லை.

எதற்குச் சேமிக்கணும்?

கருவி கிடைத்துவிட்டது. அத்தோடு முடிந்ததா? இல்லைங்க. மாடு வாங்குவது ஒரு நாள் செலவு, தீவனம் தினமும் ஆகும் செலவு இல்லையா? அதுபோலத்தான் இதுவும். கருவி டப்பாவில் தூங்குவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது பேட்டரி தீர்ந்துபோனதுதான். பேட்டரி இல்லாத நாள் பிள்ளைக்குப் பேச்சு இல்லாத நாள்.

ஒரு கணக்குப் போடுவோம். பேட்டரி ஒன்று 40 ரூபாய், 10 நாள் வரும் என்று வைத்துக்கொள்ளுங்க. இரண்டு காதுக்கு மாதம் 6 பேட்டரி, 240 ரூபாய். வாரம் ஒரு நாள் பயிற்சிக்குப் போனால் 4 நாள் கூலி போகும். நாள் கூலி 300 என்றால் 1,200 ரூபாய். இதில் பெரிய தொகை எது? பேட்டரி இல்லை, அம்மாவின் கூலி. இதை யாரும் செலவாக எழுதுவதில்லை. நீங்க எழுதுங்க. உங்க ஊர் விலையையும் கூலியையும் போட்டு, வரும் தொகையில் முடிந்ததைக் கூலி வாங்கிய அன்றைக்கே தனி உண்டியலில் போடுங்க. மளிகைக்கு அதில் கை வைக்கக் கூடாது.

மிச்சப்படுத்தும் வழிகள்

1. பேட்டரியில் ஒட்டியிருக்கும் தாளைப் பிரித்ததும் அது தீர ஆரம்பித்துவிடும். திரும்ப ஒட்டினாலும் நிற்காது. தேவைப்படும்போது மட்டும் பிரியுங்க. பிரித்ததும் ஓரிரு நிமிடம் காற்றுப் பட வைத்து, பிறகு போடுங்க.

2. இரவில் கருவியைக் கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்து வையுங்க. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய டப்பாவில் வைத்தால் வேர்வையால் கருவி கெடாது. அந்த மணிகளைப் பிள்ளை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்க. பேட்டரியை விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்க.

3. கருவி 'கீ' என்று கத்தினால் கெட்டுவிட்டது என்று புதிது வாங்காதீங்க. பிள்ளை வளர வளரக் காதும் வளரும். காது அச்சு தளர்ந்திருக்கும், அச்சை மட்டும் மாற்றினால் போதும். காதில் அழுக்கு அடைத்தாலும் அப்படிக் கத்தும்.

4. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் அப்படியே. பயிற்சிக்கு அந்த வண்டி நேரம் பார்த்துக் கிளம்புங்க.

5. காக்ளியர் பொருத்தினால் வெளிப்பாகத்துக்கு உத்தரவாதம் எத்தனை வருடம், அதன் பிறகு ஒயர் என்ன விலை என்று முதலிலேயே கேட்டு எழுதி வையுங்க. அந்தச் செலவு ஒரு நாள் வரத்தான் செய்யும். அதற்கு அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து 5 வருடத் தொடர் வைப்பு போடலாம்.

பயிற்சியில் சொல்லித் தருவதை வீட்டில் தினமும் செய்யணும். சோறு பிசையும்போது, தண்ணீர் எடுக்கும்போது, முகம் பார்த்துப் பேசுங்க. இதற்குக் காசு இல்லை. கருவி போட்டும் பேச்சு வராத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குச் சைகை மொழி இருக்கிறது, அரசு சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றன. சைகையில் படிப்பது எந்த விதத்திலும் குறைவு இல்லை.

குழு என்ன செய்யலாம்?

இப்படி ஒரு பிள்ளை உள்ள உறுப்பினர் உங்க குழுவில் இருந்தால் மூன்று தீர்மானம் போடுங்க. பயிற்சி நாளில் கூட்டத்துக்கு வர முடியாவிட்டால் அபராதம் இல்லை. காது அச்சு, பேட்டரி, ஒயருக்கு உள்கடனில் முதல் இடம், குறைந்த வட்டி. அட்டைக்கும் சான்றுக்கும் அலுவலகம் போகும்போது படித்த உறுப்பினர் ஒருவர் துணை.

இன்னொன்று. பிள்ளைக்குக் காது கேட்காததற்கு அம்மாவைக் குறை சொல்வதைக் கேட்டால் நீங்க வாயை மூடிக்கொண்டிருக்காதீங்க. அவளுக்குப் பணத்தைவிட முதலில் வேண்டியது அந்தத் துணைதான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்க கிராமத்தில் இப்படி எத்தனை பிள்ளைகள், யாருக்கு அட்டை இல்லை, யார் கருவிக்குப் பேட்டரி இல்லை என்று எழுதிக் கொண்டு வாங்க. அங்கிருந்து வேலையை ஆரம்பிப்போம்.