கட்டத் தெரிந்த உடலும் கழிக்கத் தெரிந்த கல்லீரலும்



ஒரு சொல்லைப் பற்றிய என் மனக்குறையோடு தொடங்குகிறேன். ரத்தப் பரிசோதனைத் தாளோடு வருகிறவர், "எனக்குக் கொழுப்பு ஏறிடுச்சுங்க" என்கிறார். நாமும் தலையசைக்கிறோம். நெய்யில் உள்ளதற்கும் கொலஸ்ட்ராலுக்கும் ஒரே பெயர் வழங்குவதால், நடந்தால் ஓடினால் இதுவும் கரைந்துவிடும் என்று அவர் நம்புகிறார். நடப்பது நல்லதுதான். ஆனால் கொழுப்பை எரித்து ஆற்றலாக்கும் உடலுக்குக் கொலஸ்ட்ராலை எரிக்க வழியில்லை. இரண்டு கார்பன் கொண்ட அசிட்டேட் துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து 27 கார்பன் மூலக்கூறைக் கட்டும் நொதிகள் நம்மிடம் உண்டு. அதன் நான்கு வளையங்களை உடைக்கும் நொதி ஒன்றுகூட இல்லை.

ஆகவே கொலஸ்ட்ரால் வெளியேறித்தான் தீரவேண்டும். அதன் பெரும்பகுதிக்குப் பாதை கல்லீரல் வழியே மட்டும்தான்: பித்தநீரில் அப்படியே கலந்து போகலாம், அல்லது பித்த அமிலமாக மாறிப் போகலாம். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் பித்தக்கற்களை ஆராய்ந்து, கிரேக்க மொழியில் 'பித்தத்தின் திடப்பொருள்' என்று பொருள்படும் பெயரை இதற்குச் சூட்டினார். வெளியேறும் வழி அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

உற்பத்தியின் கடிவாளம் எச்.எம்.ஜி-கோஏ ரிடக்டேஸ் என்ற நொதியிடம் இருக்கிறது. உயிரணுவில் கொலஸ்ட்ரால் நிறைந்தால் இந்த நொதி சிதைக்கப்படுகிறது. புதிதாக உருவாவதும் நிற்கிறது. இது எப்படித் தெரியவந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1970களின் தொடக்கத்தில் டல்லஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும், பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்து சிறுவயதிலேயே மாரடைப்புக்கு ஆளாகும் நோயாளிகளின் தோல் உயிரணுக்களை வளர்த்தார்கள். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்களைச் சேர்த்தால், நலமுள்ளவரின் உயிரணுவில் ரிடக்டேஸ் அடங்கியது. நோயாளியின் உயிரணுவில் அது அசையவே இல்லை. நொதியே பழுது என்று முடித்திருக்கலாம். அவர்கள் அவசரப்படவில்லை. கொலஸ்ட்ராலை ஆல்கஹாலில் கரைத்து நேரே உயிரணுவுக்குள் புகுத்திப் பார்த்தார்கள். நோயாளியின் நொதியும் உடனே அடங்கியது! நொதியில் குற்றமில்லை, எல்.டி.எல். உள்ளே நுழையும் கதவு, அதாவது ஏற்பி, இல்லை. இந்தப் பணிக்கு 1985இல் நோபெல் பரிசு கிடைத்தது. மாணவர்களுக்கு இந்தச் சோதனையை நடத்தும் ஒவ்வொரு முறையும் எனக்குப் புதிதாகப் படித்த மகிழ்ச்சி வருகிறது.

அந்தக் கதவுகளில் பெரும்பாலானவை கல்லீரலில் இருக்கின்றன. 1984இல் பிட்ஸ்பர்க்கில் இதே நோயுள்ள ஆறு வயதுச் சிறுமிக்கு இதயத்தோடு கல்லீரலையும் மாற்றிப் பொருத்தினார்கள். எல்.டி.எல். அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக இறங்கியது. உடலின் மற்ற உயிரணுக்கள் எல்லாம் பழையவை. கல்லீரல் மட்டும் கணக்கை மாற்றிவிட்டது.

ஜப்பானில் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளைச் சோதித்து, ரிடக்டேஸைத் தடுக்கும் பொருளை ஒரு பெனிசிலியத்தில் கண்டெடுத்தார். இன்றைய ஸ்டாட்டின் மாத்திரைகள் அந்த வழியில் வந்தவை. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் கூடுதல் கதவுகளைத் திறந்து ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. மாத்திரையின் உண்மையான பலன் அதுவே.

இவ்வளவு புகழும் உற்பத்தி நொதிக்கே போய்விட்டது. கழிவுப் பாதையைத் தொடங்கிவைக்கும் சி.ஒய்.பி. 7ஏ1 நொதியை நாம் போதிய அளவு பேசுவதில்லை. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக்கும் முதல் படி அதனுடையது. கல்லீரலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. குடலுக்குப் போகும் பித்த அமிலத்தில் சுமார் 95 விழுக்காடு திரும்ப உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே வந்து, 'போதும்' என்று இந்த நொதியை அடக்குகிறது. அந்தத் திரும்பு பயணத்தைத் தடுக்கும் பிசின் மருந்தைக் கொடுத்தால் 7ஏ1 முடுக்கம் பெறும், கொலஸ்ட்ரால் கரையும், கதவுகள் கூடும். ஆனால் இழப்பை ஈடுகட்ட ரிடக்டேஸும் எழும்பிவிடும். அதனால் பாதிப் பலன் போகும். பிசினையும் ஸ்டாட்டினையும் சேர்த்துக் கொடுப்பதன் காரணம் இங்கே இருக்கிறது.

எனவே இந்த அரங்கில் பேசவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் படங்களில் ரிடக்டேஸின் வளைகோட்டைக் காட்டும்போது, அதே சோதனை எலியின், அதே நேரத்து 7ஏ1 அளவையும், அளந்திருந்தால், பக்கத்தில் காட்டுங்கள். அளக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அடுத்த மாணவருக்கு அது ஒரு ஆய்வுத் தலைப்பு. முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.