திடீர்ச் சோதனையும் வரி ஏய்ப்பும்

நாட்டில் ஈட்டப்படும் வருமானம் முழுவதும் கணக்கில் ஏறுவதில்லை என்பது இன்று நேற்று ஏற்பட்ட செய்தி அன்று. 1956இல் இந்திய வரி முறையை ஆராய்ந்த பேராசிரியர் கால்டார் இதனைச் சுட்டிக் காட்டினார். முன்னாள் தலைமை நீதிபதி வாஞ்சூ தலைமையில் அமைந்த நேர்முக வரி விசாரணைக் குழு, 1968-69ஆம் ஆண்டில் வரிக்குத் தப்பிய வருமானத்தை 1,400 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 1983-84ஆம் ஆண்டுக்குத் தேசியப் பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனம் கணித்த தொகை 31,584 கோடியிலிருந்து 36,786 கோடி வரை. மறைக்கப்பட்டதை அளக்க முற்படும் எந்தக் கணக்கும் ஊகத்தின் மேல் எழுந்ததே. ஆயினும் நோய் பெரிது என்பதில் ஐயமில்லை.

நோய்க்குக் காரணம் என்ன? 1973-74இல் உச்ச வருமானத்தின் மீது விதிக்கப்பட்ட வரி, கூடுதல் வரியையும் சேர்த்து, நூற்றுக்கு 97.75 ரூபாய். உச்சத்தை எட்டியவர் அதற்கு மேல் நேர்மையாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் அவர் கையில் மிஞ்சியது இரண்டேகால் ரூபாய். இந்த விகிதத்தை 75ஆகக் குறைக்கும்படி வாஞ்சூ குழு கூறியிருந்தது. 1974-75இல் அது 77ஆகவும், 1976-77இல் 66ஆகவும், 1985-86இல் 50ஆகவும் இறங்கியது. 1997-98 முதல் அடிப்படை உச்ச விகிதம் 30. விகிதம் இறங்கியது, ஏய்ப்பு ஒழியவில்லை. வரி மிகுதி ஒன்றே காரணம் என்ற வாதம் அத்துடன் வலுவிழந்தது. தாமே முன்வந்து வருமானத்தை வெளியிடும் சலுகைத் திட்டங்கள் இனி வேண்டாம் என்றும் அதே குழு கூறியது. 1975இலும் 1997இலும் அத்தகைய திட்டங்கள் மீண்டும் வந்தன.

ஆகவே சோதனை தேவைப்படுகிறது. பொதுமக்கள் எல்லாவற்றையும் ‘ரெய்டு’ என்ற ஒரே சொல்லால் குறித்தாலும், சட்டத்தில் அவை இரண்டு வேறு நடவடிக்கைகள். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 132ஆம் பிரிவு தேடுதலையும் கைப்பற்றுதலையும் பற்றியது. 133ஏ பிரிவு நேராய்வு பற்றியது. தேடுதலில் வீட்டினுள் நுழையலாம், பூட்டை உடைக்கலாம், கணக்கில் வராத பணத்தையும் நகையையும் எடுத்துச் செல்லலாம். நேராய்விலோ தொழில் நடக்கும் இடத்துக்கு, அது திறந்திருக்கும் நேரத்தில் மட்டுமே செல்ல இயலும். ரொக்கத்தை எண்ணலாம், சரக்கைச் சரிபார்க்கலாம், ஏடுகளில் அடையாளமிடலாம். ரொக்கத்தையோ சரக்கையோ அப்புறப்படுத்தக் கூடாது. 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த ஒரு விதி சுவையானது: ஆடம்பர விழாவுக்குச் செய்த செலவைப் பற்றி அதிகாரி விசாரிக்கலாம், ஆனால் விழா முடிந்த பின்னரே. பந்தியில் அமர்ந்திருக்கும்போது கேட்கச் சட்டம் இடந்தரவில்லை.

நேராய்வின் உயிர் எளிய கணக்கில் உள்ளது. தொடக்க இருப்புடன் கொள்முதலைக் கூட்டி, விற்பனையின் அடக்கவிலையைக் கழித்தால் இன்றைய இருப்பு கிடைக்க வேண்டும். கிடங்கில் அதைவிடக் குறைவாக இருந்தால் பில் இல்லாமல் விற்பனை நடந்திருக்கலாம். மிகுதியாக இருந்தால் கணக்கில் ஏறாத கொள்முதல் இருக்கலாம். ஆலையாயின் மின்சாரச் செலவும் மூலப்பொருளின் அளவும் உற்பத்தியைக் காட்டிக் கொடுக்கும். கல்லாப் பெட்டியின் அடியில் கிடக்கும் துண்டுச் சீட்டுகளிலிருந்தே இரண்டாம் நம்பர் கணக்கின் நூல் பிடிபடுவதும் உண்டு.

ஆனால் பிழை நேர்வதும் இங்கேதான். ஒரு ஜவுளிக் கடையை எடுத்துக்கொள்வோம். அலமாரியில் உள்ள துணிகளின் மேல் ஒட்டப்பட்டிருப்பது விற்பனை விலை. ஏட்டில் இருப்பு காட்டப்படுவது அடக்கவிலையில். அவசரத்தில் ஒட்டிய விலையைக் கூட்டிப் பட்டியல் எழுதினால், வியாபாரியின் இலாபம் முழுவதும் ‘கணக்கில் வராத சரக்காக’ உருவெடுத்துவிடும். ஏடு நான்கு நாள் எழுதப்படாமல் கிடந்தால், அந்த நான்கு நாள் விற்பனைப் பணம் கறுப்புப் பணம் போலத் தோன்றும். பிறர் விற்பனைக்கு ஒப்படைத்த சரக்கும் உரிமையாளர் சரக்குடன் கலந்து கிடக்கும். இவற்றைப் பிரித்தறியப் பொறுமை வேண்டும். மாலைக்குள் ஒரு தொகை எழுதி வாங்க வேண்டும் என்ற அவசரம் அந்தப் பொறுமையைக் கெடுக்கிறது.

எழுதி வாங்கும் இந்த வழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. பல மணி நேர விசாரணைக்குப் பின் வியாபாரி ‘இத்தனை இலட்சம் ஒப்புக்கொள்கிறேன்’ என்று கையெழுத்திடுகிறார்; சில வாரங்களில் அதை மறுக்கிறார். கையில் வேறு சான்று இல்லையெனில் வழக்கு நிற்பதில்லை. மத்திய நேர்முக வரிகள் வாரியம் 2003 மார்ச்சிலேயே, வாக்குமூலம் பெறுவதில் அன்று, சான்று திரட்டுவதிலேயே கவனம் செலுத்தும்படி அலுவலர்களைப் பணித்தது. நேராய்வில் சத்தியப் பிரமாணம் செய்விக்கும் அதிகாரம் இல்லாததால் அங்குப் பெற்ற வாக்குமூலத்துக்குத் தனித்த சான்று மதிப்பு இல்லை எனச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2012இல் அதில் தலையிட மறுத்தது. இத்தீர்ப்பால் துறையின் கை கட்டப்பட்டது என்று குறைகூறுவோர் உண்டு. அது சரியன்று. உழைத்துச் சான்று திரட்டிய அலுவலருக்கு இத்தீர்ப்பால் இழப்பு ஏதுமில்லை.

தேடுதலுக்கும் எல்லை உண்டு. உச்சநீதிமன்றம் 1974இல் 132ஆம் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானதன்று எனத் தீர்ப்பளித்தது. உயர் அதிகாரி தகுந்த காரணத்துடன் நம்ப வேண்டும் என்பது போன்ற காப்புகள் சட்டத்திலேயே இருப்பதை அது கருத்திற்கொண்டது. 1994 மே மாத உத்தரவின்படி, திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை நகையைக் கைப்பற்றத் தேவையில்லை. தாய்வீட்டுச் சீதனமாக வந்த நகைக்கு எந்த இல்லத்தரசியிடமும் ரசீது இராது என்பதை உணர்ந்து எழுதிய உத்தரவு அது.

இன்று சரக்கு செல்லும் வழியெங்கும் தடயம் பதிகிறது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்ப 2018 ஏப்ரல் முதல் மின்வழிச் சீட்டு தேவை. ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளோருக்கு 2023 ஆகஸ்டு முதல் மின்னணு விலைச்சீட்டும் கட்டாயம். எந்தக் கடைக்குச் செல்ல வேண்டும் என்பதை இப்பதிவுகளே பெரும்பாலும் காட்டிவிடும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025இல் நிறைவேறிய வருமான வரிச் சட்டம், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியதாக விதிக்கப்பட்டது. தேடுதல் அதிகாரம் மின்னஞ்சல், இணையவழிக் கணக்கு போன்ற மின்வெளிகளுக்கும் எட்டும் என்பதை அச்சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. பழைய நாளில் அலுவலர் பேரேட்டின் பக்கங்களில் முத்திரையிட்டார். இனி கைப்பேசியின் உள்ளடக்கத்தைப் பிரதி எடுக்க வேண்டியிருக்கும். அப்பிரதி எந்த நேரத்தில், யார் முன்னிலையில் எடுக்கப்பட்டது, பின்னர் அது மாறவில்லை என்பதற்கு அடையாளம் எது என்ற குறிப்பு கோப்பில் இல்லாவிட்டால், மேல்முறையீட்டில் எழும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கும்.