குற்றச்சாட்டும் மறுமொழியும்



கொச்சி மட்டாஞ்சேரியில் ஜூ டவுன் என வழங்கும் தெரு, 1568-இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தாலும், நறுமணச் சரக்குக் கிடங்குகளாலும், பழம்பொருட் கடைகளாலும் பெயர் பெற்றது. இங்கு வாழ்ந்த ஏ. பி. சேலம் என்னும் யூத வழக்கறிஞர், தொழுகைக்கூடத்தில் தம் பிரிவினருக்கு மறுக்கப்பட்ட சம உரிமையை அறவழியில் போராடிப் பெற்றவர். உரிமை இன்னதென்று அறிந்தவனே அதைக் கேட்க வல்லவன் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. இவ்வட்டாரத்தில் உழைக்கும் தமிழர்க்கும் அவ்வறிவு வேண்டும்.

மலையாளம் நமக்கு அயல்மொழியன்று. ஆயினும் அந்நெருக்கமே சில வேளை இடர் விளைக்கும். காவல் நிலையத்தில் 'மொழி' என்றால் வாக்குமூலம். 'பிரதி' என்றால் நகலன்று, குற்றஞ்சாட்டப்பட்டவர். 'ஒப்பு' என்றால் கையெழுத்து. புரிந்ததுபோல் தோன்றும் சொல்லுக்குத் தலையசைப்பவர், தம் தலைக்கே வினை தேடிக்கொள்ளக் கூடும்.

இனி, அடிக்கடி எழும் குற்றச்சாட்டுகள் சிலவற்றைக் காண்போம். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திற்கு மாற்றாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் உள்ளது. இதனுடன் மாநிலச் சட்டங்களும் உண்டு.

ஒரு சுமைத் தொழிலாளி, கடைக்காரர் சொற்படி ஒரு பழைய வெண்கல விளக்கை வேறொரு கடைக்குக் கொண்டு செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது களவுப் பொருள் என்று பின்னர்த் தெரிகிறது. பொருள் அவர் கையில் இருந்தது என்பது மட்டும் அவரைக் குற்றவாளியாக்காது. களவுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற முறையில் அதைப் பெற்றிருக்க வேண்டும். ஆகவே பணித்தவர் யார், கூலி தந்தவர் யார், சீட்டு உண்டா, தொலைபேசி அழைப்பு உண்டா என்பனவே அவருடைய எதிர்வாதத்திற்கு அரண்.

திருட்டிலும் உள்ளக் கருத்தே அடிப்படை. தன்னுடையது என்று மெய்யாகவே நம்பி எடுத்தவர் திருடர் ஆகார். அடிதடியில், தன்னையோ பிறரையோ காக்கத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடமளிக்கிறது. தாக்கியவன் ஓடிய பின் துரத்தி அடிப்பது தற்காப்பாகாது. பொது இடத்தில் மது அருந்துவதைக் கேரள அப்காரிச் சட்டம் குற்றமாக்குகிறது. தானே விரும்பிக் குடித்தவர், 'மயக்கத்தில் செய்தேன்' என்று கூறித் தப்ப இயலாது.

சிறு வழக்குதானே, அபராதம் கட்டிவிட்டு ஊர் போகலாம் என்று எண்ணுவோர் பலர். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்துவதும் தண்டனைத் தீர்ப்பே ஆகும். பின்னாளில் வேலைக்கும் கடவுச்சீட்டிற்கும் அது இடையூறாகலாம். குற்றத்தை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பைச் சார்ந்தது என்பதை மறவாதீர்கள்.

கையெழுத்தைப் பற்றி ஒரு சொல். புலன்விசாரணையில் போலீசாரிடம் அளிக்கும் வாக்குமூலம் எழுதப்பட்டாலும், அதில் சொன்னவரின் கையொப்பம் பெறுதல் கூடாது. போலீசாரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக மெய்ப்பிக்கவும் இயலாது. கைதுக் குறிப்பு போன்ற வேறு தாள்களில் கையொப்பம் கேட்பது உண்டு. ஆதலின் தாள் எதுவாயினும், அது யாது என்று கேட்டறிந்த பின்னரே ஒப்பமிடுக.

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். கைதின் காரணங்களை எழுத்தில், அவர் அறிந்த மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தில் சாட்சியம் புரியாத மொழியில் அமைந்தால், அதை விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லவும் சட்டம் வகை செய்கிறது. 'எனக்குத் தமிழில் சொல்லுங்கள்' என்று கேட்பது மரியாதைக் குறைவன்று.

வழக்கறிஞரை அமர்த்தப் பொருள் இல்லையே என்ற கவலையும் வேண்டா. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, காவலில் உள்ளோர்க்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும், ஆலைத் தொழிலாளர்க்கும் வருமான வரம்பு நோக்காமல் இலவச உதவி உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100.

அந்த எண்ணை வீட்டில் அனைவரும் காணுமிடத்தில் எழுதி வையுங்கள். நள்ளிரவில் ஒருவரை அழைத்துச் சென்ற பின் தேடுவதைவிட, இன்றே எழுதி வைத்தல் நலம்.