குடலைப் பற்றும் காசநோய்



காசநோய் என்றவுடன் நுரையீரலே நம் நினைவுக்கு வருகிறது. அந்நோய் குடலையும் பற்றும். சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில்தான் அது பெரும்பாலும் காணப்படுகிறது. மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி ஆகியன அதன் அறிகுறிகள்.

கவனியாது விட்டால், சிலருக்குப் புண் ஆழ்ந்து குடலில் துளை விழுகிறது. குடலிலுள்ள அசுத்தம் வயிற்றறையிற் பரவுகிறது. வலி திடீரெனப் பெருகி, வயிறு பலகைபோல் இறுகுகிறது. அதன்பின் ஒவ்வொரு மணி நேரமும் அருமையானது.

அந்தமானிலிருந்து சென்னைக்குக் கப்பற் பயணம் ஏறத்தாழ மூன்று நாள். 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம்' என்று நம்மவர் காத்திருத்தல் கூடாது. நோயாளிக்கு உணவும் நீரும் கொடாமல், அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்க. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை உள்ளது.

துளையை மட்டும் தைத்தால், நோயுற்ற தசையில் தையல் பிரியக்கூடும். ஆகவே ரண சிகிச்சை நிபுணர்கள் பெரும்பாலும் பழுதுற்ற பகுதியை நீக்கி, நல்ல முனைகளை இணைக்கின்றனர். நோயாளி மிகத் தளர்ந்திருந்தால், குடல்வாயைச் சில காலம் வயிற்றுக்கு வெளியே அமைத்துப் பின்னர் இணைப்பர்.

கத்தி நீக்குவது துளையை; கிருமியை ஒழிப்பது மருந்து. சாதாரணமாக ஆறு மாதம் உண்ணவேண்டிய அம்மருந்தை அரசாங்கம் இலவசமாக வழங்குகிறது. தையல் ஆறியதும் மருந்தை நிறுத்துவோர், நோயை மீண்டும் அழைப்பவராவர். இதனை மறவாதிருப்போமாக.