அமிலம் கூறும் சாட்சி



கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஆதபாஸ்கா என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் கரையோர மணலில் எண்ணெய் உண்டு. ஆனால் அது ஓடாது. தார் போலக் கெட்டித்து, மணலோடு ஒட்டிக் கிடக்கிறது. முன்னொரு காலத்தில் அதுவும் இலேசான எண்ணெயாகவே இருந்தது. அதன் நயமான பகுதியைத் தின்று தீர்த்தவை கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள்.

தின்றதற்குச் சான்று என்ன? பந்தி முடிந்த இலையைப் பார்த்தால், உண்டவர் எதை விரும்பினார், எதை ஒதுக்கினார் என்பது விளங்கிவிடும் அன்றோ? இவ்வுயிர்கள் நேர்சங்கிலியாக அமைந்த ஹைட்ரோகார்பன்களை முதலில் உண்கின்றன. கிளைவிட்ட பிரிஸ்டேன், பைட்டேன் ஆகியவற்றைப் பிறகே தொடுகின்றன. ஹோபேன் என்னும் வளையச் சேர்மங்களோ நெடுங்காலம் எஞ்சி நிற்கின்றன. இந்த மிச்சத்தைக் கொண்டே வேதியியலார் சிதைவின் அளவை மதிப்பிடுகின்றனர்.

எண்ணெய் வயல்களின் நீரில் பாக்டீரியாக்கள் உள என்று அமெரிக்க அறிஞர் எட்சன் பாஸ்டின் 1926-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். ஆயினும், மழைநீர் பிராணவாயுவைச் சுமந்து கீழிறங்கினால்தான் எண்ணெய் சிதையும் என்றே பலர் நெடுநாள் கருதினர். ஓராயிரம் மீட்டர் ஆழத்துக்குப் பிராணவாயு எவ்வாறு சென்றடையும்? வழியிலுள்ள பாறைகளும் பிற உயிர்களும் அதைப் பறித்துக்கொள்ளமாட்டாவோ?

வழக்கைத் தீர்க்க வந்தது ஓர் அமிலம். துணிப்பெட்டியில் நாம் இடும் அந்துருண்டையின் நாப்தலீன் கச்சா எண்ணெயிலும் இருக்கிறது. பிராணவாயு இல்லாத இடத்தில் நுண்ணுயிர் அதைச் சிதைக்கும்போது 2-நாப்தோயிக் அமிலமும், பின்னர் அதனோடு ஹைட்ரஜன் சேர்ந்த அமிலங்களும் பிறக்கின்றன. காற்றுள்ள இடத்துச் சிதைவு வேறு வழியே செல்லும். ஐட்கென், ஜோன்ஸ், லார்ட்டர் என்னும் மூவர் 2004-இல் உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த சிதைந்த எண்ணெய்களில் ஹைட்ரஜன் சேர்ந்த அவ்வமிலங்களைக் கண்டனர். காற்றில்லாமலேயே விருந்து நடந்திருக்கிறது! அதன் முடிவில் பெரிதும் எழுவது மீதேன் என்று 2008-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. நம் ஊர்ச் சாண எரிவாயுக் கலத்தில் எழும் வாயுவும் அதுதான்.

இவ்விருந்துக்கு வெப்பமே எல்லை. சுமார் 80 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் இவ்வுயிர்கள் எண்ணெயைச் சிதைப்பதில்லை. எண்ணெய் வந்து சேருமுன்பே அவ்வளவு சூடேறிய பாறை, பின்னர் மேலெழுந்து குளிர்ந்தாலும், காய்ச்சி மூடிய பால்போலக் கெடாமல் எண்ணெயைக் காக்கும் என்று 2001-இல் ஓர் ஆய்வுக் குழு விளக்கியது. சிதைந்த எண்ணெய் கனமானது, கந்தகம் மிகுந்தது, இறைப்பதற்கும் சுத்திகரிப்பதற்கும் செலவு மிகுதி. ஆகவே துளையிடச் செல்வோர், பாறை இன்று எவ்வளவு சூடாக உள்ளது என்பதோடு, முன்பு எவ்வளவு சூடாக இருந்தது என்பதையும் கணக்கிடுகின்றனர்.