தனிக் குவளை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டும் நமக்குக் கல்வியைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று வினவுவீர்கள். தகுதி இல்லை, நெஞ்சில் ஓர் உறுத்தல் உண்டு.

நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் எழுத்தாளர் பெருமாள்முருகன். சாதி தீது என்று வகுப்பில் சொற்பொழிவாற்றுவது எளிது. மாணவரும் தேர்வில் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றுவிடுவர்! அவரோ, தம் மாணவர்களும் நண்பர்களும் சாதியைத் தம் வாழ்வில் கண்டவாறே எழுத வழிசெய்தார். அவ்வாறு எழுந்த 32 கட்டுரைகள் 2013ஆம் ஆண்டு ‘சாதியும் நானும்’ என்னும் நூலாயின. அது 2018இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது, கொட்டாங்கச்சியில் ஊற்றித் தந்த கறுப்புக் காப்பியே நூலின் பெயராயிற்று. அமெரிக்காவின் லாங் பீச் நகரிலும் எரின் குருவெல் என்னும் ஆசிரியை, 1994 முதல் இனப்பகை மிகுந்த தம் வகுப்பு மாணவரை நாட்குறிப்பு எழுதச் செய்தார். அவையும் 1999இல் நூலாயின.

நம் புத்தூர் எலும்புமுறிவுக் கட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். முறிந்த இடத்தைத் தொட்டுப் பாராமல் இங்கு எவரும் கட்டுப் போடுவதில்லை. அந்த எண்ணத்தோடுதான் நம் குடியிருப்புப் பிள்ளைகளை, ‘நான் கண்ட வேற்றுமை’ பற்றி எழுதச் சொன்னோம். பள்ளியில் ‘அரவவாளு’ என்று கேலி செய்யப்பட்டதை எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தோம். சிலர் அதனை எழுதவும் செய்தனர்.

நம் மகள் எழுதியது வேறு. நம் வீட்டுக் கொல்லைப்புறச் சுவரில், துப்புரவு செய்ய வரும் அம்மையாருக்கென்று தனியே கவிழ்த்து வைத்திருக்கும் அலுமினியக் குவளையைப் பற்றி எழுதியிருந்தாள். அதை அவளும் தொட்டதில்லையாம். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லையாம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. “வீட்டு மானம் போய்விடும், வேறு ஏதேனும் எழுது” என்று முதலில் சொன்னவரும் நாமே. மகள் மறுமொழி கூறவில்லை. மேசைமேலிருந்த தாளை எடுக்கவும் இல்லை. இரண்டு நாள் அத்தாள் அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் ஒரு சொல்லும் திருத்தாமல், நாமே அதனை மலர்க் குழுவினரிடம் சேர்ப்பித்தோம். குவளையைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டாயிற்று.

அந்த அம்மையார் தெலுங்கு மட்டுமே படிக்கத் தெரிந்தவர். மகள் இப்பொழுது அக்கட்டுரையைத் தெலுங்கில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.