‘அட்ஜஸ்ட் பண்ண முடியல’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

 

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘நகரமும் சாதியும்’. பெரிய தலைப்பு. நான் ஒரு சமையலறையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிக்கொள்கிறேன்.

ஓ.எம்.ஆர். பக்கம் நான்கு இளைஞர்கள் சேர்ந்து எடுத்த வீடு. வாடகை 24,000. அட்வான்ஸ் 1,20,000, ஆளுக்கு 30,000. அக்ரிமெண்ட் ஒருவர் பெயரில். நால்வரில் ஒருவர் நம் தோழர். முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். சொன்னார். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு இங்கே யாருக்கும் உரை எழுத வேண்டியதில்லை. ஏப்ரல் 14 அன்று அவர் வாட்ஸ்அப்பில் அண்ணல் படத்தை வைத்ததும் மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. அவருடைய தட்டும் டம்ளரும் அலமாரியிலிருந்து பால்கனிக்குப் போயின, அவ்வளவுதான். சமையலுக்கு வரும் அக்காவிடம், அவர் தட்டை மட்டும் கழுவ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், ‘நீ மாட்டுக்கறி சாப்பிடுற, வாடை வருது’. சொன்ன மூவரும் ஞாயிறு தவறாமல் கோழி வாங்குகிறவர்கள். கோழிக்கு வாடை இல்லை போலிருக்கிறது! டீக்கடை இரட்டைக் குவளையை எதிர்த்து எத்தனை ஊர்களில் போராடினோம். அந்தக் குவளை இப்போது லிஃப்டில் ஏறி ஐந்தாவது மாடிக்குப் போயிருக்கிறது.

ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் காலி செய்கிறேன் என்றார். வேறு ஆள் வரும்வரை இரண்டு மாத வாடகைப் பங்கு 12,000, பெயிண்டிங் 5,000, இன்னும் ஏதோ 1,500 என்று பிடித்துக்கொண்டு 11,500 கொடுத்தார்கள். வேறு ஆளையும் அவரே பிடித்துத் தர வேண்டுமாம். ‘நம்ம மாதிரி ஆளா பாரு’ என்றார்களாம். தட்டைப் பால்கனிக்கு அனுப்பியவர்கள் அவரிடமே சொன்ன ‘நம்ம’ அது. கிளம்பும்போது அவர் குழுவில் போட்ட செய்தி: ‘அட்ஜஸ்ட் பண்ண முடியல, பர்சனல் ரீசன்.’ அப்படிப் போட்டதால்தான் அந்த 11,500-ம் வந்தது என்கிறார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு, நடந்தது சாதி என்பதற்கான தடயம் அழிந்துபோகிறது. கெட்டவர்கள் யாரும் இல்லை, ஒத்துப்போகத் தெரியாதவர் ஒருவர் போய்விட்டார் என்று கணக்கு முடிகிறது.

1917-ல் பரோடா அரசுப் பணிக்குப் போன அண்ணல், கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவர், தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். சாதி தெரிந்ததும் தடிகளோடு வந்து நின்றார்கள். வெளியேறி, நண்பர்களைக் கேட்டும் இடம் கிடைக்காமல், ரயில் நேரம்வரை பூங்காவில் உட்கார்ந்திருந்தார். அதை அவர் ‘பர்சனல் ரீசன்’ என்று எழுதவில்லை. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், எந்த நண்பர் என்ன சாக்குச் சொன்னார் என்று எழுதி வைத்தார். அதனால்தான் இன்றும் நமக்குத் தெரிகிறது.

சட்டம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். அரசியல் சட்டப் பிரிவு 15(2) கடை, உணவு விடுதி, கிணறு, குளம், சாலை என்று வரிசையாகச் சொல்கிறது. வாடகை வீடு அந்த வரிசையில் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்கு, அது பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். வெளியாள் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் நடந்தது அதில் அடங்காது என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பகிர்ந்து வாழும் வீடு முழுக்க நான்கு சுவர்தானே, தோழர்களே? தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் அட்வான்ஸைப் பற்றிப் பேசுகிறது, ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறது. சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த வரியைச் சேர்க்கச் சொல்லித்தான் நாம் கேட்க வேண்டும். வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, அக்ரிமெண்டைக் கையில் வைத்துக்கொண்டு உடன் தங்குபவரை விரட்டுகிறவருக்கும் அது பொருந்த வேண்டும்.

அதுவரை சில வேலைகள் நம் கையில் இருக்கின்றன. சேர்ந்து வீடு எடுத்தால் எல்லோர் பெயரும் அக்ரிமெண்டில் இருக்கட்டும். அட்வான்ஸ் பங்கைக் கையில் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக அனுப்புங்கள். தட்டை நகர்த்திய அன்றே தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள். பணம் மாட்டியிருக்கிறது என்றால் முதலில் பணத்தை வாங்குங்கள், அதில் வெட்கம் இல்லை. வாங்கிய பிறகாவது காரணத்தைக் காரணமாக எழுதி அனுப்புங்கள், ஒரு நகல் நமக்கும் கொடுங்கள். இப்படிப் பத்து நகல் சேர்ந்தால் சட்டமன்ற உறுப்பினரிடம் போய் நிற்கக் கையில் ஏதாவது இருக்கும். வெறும் கையோடு போனால் ‘சென்னையில எங்கப்பா சாதி’ என்று டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அக்ரிமெண்ட் நகல் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். வழக்கறிஞர் தோழர் பின்வரிசையில்தான் இருக்கிறார், எட்டு மணிவரை இருப்பார்.